முன்னாடி போகுதா, பின்னாடி நிக்குதா

போன வருஷம் என் வண்டியில் இஞ்சின் கோளாறு விளக்கு மூன்று மாதம் விட்டுவிட்டு எரிந்ததை நண்பர்கள் வட்டத்தில் இப்போது எல்லோரும் கதையாகச் சொல்கிறார்கள். எல்லோருமே தப்பாகச் சொல்கிறார்கள். "லேப்டாப், ஸ்கேனர்னு வெச்சுக்கிட்டு மூணு மாசம் திண்டாடுனானுங்க. நாமக்கல்ல ஒரு பழைய லாரி மேஸ்திரி, சத்தத்தை வெச்சே சொல்லிட்டாரு" என்பது அவர்கள் சொல்லும் வடிவம். கேட்கிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கிறது. ஆளாளுக்குத் தெரிந்த ஒரு பழைய மேஸ்திரியை நினைத்துத் தலையாட்டுகிறார்கள். ஆனால் மேஸ்திரி சத்தத்தைக் கேட்கவே இல்லை. நான் போய்ச் சேர்ந்ததும் இஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டார். அவர் முக்கியமாகச் செய்தது மூன்று கேள்வி கேட்டதுதான். அதில் ஒன்றுக்குப் பதில் லேப்டாப்பில் இருந்தது. இன்னொன்றுக்குப் பதில் என்னிடம் இருந்தது, அதை மூன்று மாதமாக யாரிடமும் நான் சொல்லவில்லை. நண்பர்களிடமும் சொல்லவில்லை. அதனால்தான் அவர்கள் கதை அவ்வளவு அழகாக இருக்கிறது.

வண்டி 2014 மாடல் டீசல் எஸ்.யூ.வி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதே வண்டி வைத்திருப்பவர்கள் நாளைக் காலையே செயின் மாற்றக் கிளம்பிவிடுவார்கள். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் இருப்பது சேலம். மாதம் ஒரு தடவையாவது ஏற்காடு ஏறுகிறவன். அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் எங்கே எந்த கியர் என்பது எனக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஜூன் மாதம் ஒரு காலை, வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறுகிற இடத்தில் வண்டி முனகியது. ரெண்டாவதுக்கு இறக்கினேன். இறக்கும்போது பார்த்தால் டாஷ்போர்டில் மஞ்சளாக இஞ்சின் விளக்கு. சில நாளில் தானாக அணைந்தது. அடுத்த வாரம் மறுபடி எரிந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக முன்னைவிட நாலைந்து சுற்று கூட வேண்டியிருந்தது. ஆனதும் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை. எரியாத டீசல் நெடி, கண்ணைக் கரிக்கும். எதிர்வீட்டு அம்மா துணி காயப்போடுகிற நேரத்தை மாற்றிக்கொண்டார்.

ரெண்டு நோட்டும் டேலி ஆகவில்லை

வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும் வந்த கோளாறு எண், அதாவது கோடு (code), பி0016. இந்தக் கோடு வந்தவர்கள் இணையத்தில் தேடினால் முதலில் வரும் பதில் "டைமிங் செயின் போச்சு". நானும் அதைத்தான் படித்தேன். கோடு உண்மையில் சொல்வது அதைவிடக் குறைவு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கிராங்க். காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம். ரெண்டையும் இணைப்பது டைமிங் செயின். கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்த ஒரு சுற்றுக்குள் ஒவ்வொரு வால்வும் எந்த இடத்தில் திறக்கணும், எந்த இடத்தில் மூடணும் என்பது பல் கணக்கில் உறுதி. 1,500 ஆர்.பி.எம்.மில், அதாவது கிராங்க் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது, ஒரு வால்வு நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. இது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ரெண்டு சென்சார் உண்டு. ஒன்று கிராங்கைப் பார்க்கிறது, இன்னொன்று கேமைப் பார்க்கிறது. ஒரே கடைக்கு ரெண்டு கணக்குப்பிள்ளை மாதிரி. ரெண்டு பேரும் தனித்தனியாக நோட்டு எழுதுகிறார்கள், கம்ப்யூட்டர் ரெண்டையும் வைத்துச் சரிபார்க்கிறது. பி0016 என்றால் ரெண்டு நோட்டும் டேலி ஆகவில்லை. அவ்வளவுதான். யார் நோட்டில் தப்பு என்று அதற்குத் தெரியாது. கிராங்க் நோட்டா, கேம் நோட்டா, இல்லை நடுவில் சரக்கே குறைந்துபோனதா, அது நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

நான் போன ஒர்க்‌ஷாப்பில் முதலில் கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். கோடை அழித்தார்கள். பத்து நாள் விளக்கு இல்லை. பதினோராவது நாள் வந்தது. பிறகு கேம் சென்சார். அதே கதை. இந்த மாதிரி "இதை மாத்திப் பாப்போம், அதை மாத்திப் பாப்போம்" என்கிற வேலையை எனக்குப் பிடிக்காது. ஆனால் சென்சார் விலை குறைவு, செயின் விலை அதிகம், அதனால் மலிவானதிலிருந்து தொடங்குகிறார்கள். அதில் வாடிக்கையாளருக்குச் சாதகமான நியாயமும் ஒன்று இருக்கிறது, மறுக்க முடியாது. மூன்றாவது தடவை வந்தபோது ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி நேராகவே சொன்னார்: "அண்ணா, 1,40,000 ஓடிருக்கு. காலைல ஸ்டார்ட் பண்ணும்போது முன்னாடி லேசா ஒரு சலசலப்பு வருது, கேட்டீங்களா? டென்ஷனர்ல ஆயில் பிரஷர் ஏர்ற வரைக்கும் செயின் லூசா ஆடுது. செயின்தான்."

டென்ஷனர் என்பது ஆயில் அழுத்தத்தில் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம். சலசலப்பு வந்தது உண்மை. ரெண்டு நொடி, பிறகு அடங்கிவிடும். செயின் நீண்டுவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரப்பர் மாதிரி இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிக்குக் கண்ணி உள்ள முளையும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது. கிராங்குக்கும் கேமுக்கும் நடுவில் இழுக்கிற பக்கம் அறுபது கண்ணி இருந்தால் அதுவே 1.2 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆயிலில் கரி சேர்ந்த டீசல் இஞ்சினில் இந்தத் தேய்மானம் இன்னும் வேகம். நீண்ட செயின் கேமை இழுத்துக்கொண்டு வர ஒரு கணம் பிந்தும், கேம் தாமதிக்கும். அந்தத் தம்பி சொன்னது எல்லாமே சரி. அதனால்தான் நான் 38,000 ரூபாய்க்குத் தலையாட்டினேன்.

வேலை நடந்த ரெண்டு நாளும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டுப் போயிருந்தேன், அதனால் வாய் சும்மா இருக்கவில்லை. புதுச் செயினில் ரெண்டு மூன்று கண்ணி மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அவற்றைப் பல்சக்கரத்தில் உள்ள புள்ளிகளோடு சேர்த்து உட்கார வைக்க வேண்டும். வைத்தார்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளக் கம்பி போட்டு, இஞ்சின் சுற்றும் திசையிலேயே, கையால் ரெண்டு முழுச் சுற்று சுற்றினார்கள். பிஸ்டனும் வால்வும் எங்கேயாவது முட்டுகிறதா என்பது இந்தச் சுற்றில்தான் கைக்குத் தெரியும். சுற்றி முடித்துப் பார்த்தால் நிறக் கண்ணிகள் புள்ளியில் இல்லை, எங்கேயோ போய்விட்டன. நான் எழுந்து நின்று கத்தினேன். தம்பி பேசாமல், கேம் சரியான இடத்தில் இருந்தால் மட்டுமே இறங்கும் லாக்கிங் பின்னை எடுத்துக் கேமில் சொருகினார், கிராங்கின் முன்பக்க லாக்கையும் போட்டார். ரெண்டும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கின. "கண்ணி முதல் தடவை வைக்கறதுக்கு மட்டும்தாண்ணா. அப்புறம் அது சுத்திக்கிட்டுப் போயிரும்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். செயினில் 150 கண்ணி, கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொண்டால் ரெண்டு சுற்றுக்கு 40 கண்ணி நகரும். கேம் சக்கரத்தில் அதைப்போல ரெண்டு மடங்கு பல், அதனால் நிறக் கண்ணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மறுபடி அதனதன் புள்ளிக்கு வர 30 சுற்று ஆகும். வெட்கமாக இருந்தது. மறுநாள் போகும்போது பஜ்ஜி வாங்கிக்கொண்டு போனேன்.

சலசலப்பு போய்விட்டது. விளக்கு போகவில்லை. முன்பு வாரத்துக்கு ஒரு தடவை வந்தது, புதுச் செயின் போட்ட பிறகு மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்தது.

சொட்டு நிற்கும் இடம்

இந்த இடத்தில் லாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டியவர், ஓனரும் அவரே டிரைவரும் அவரே. ஆறு சிலிண்டர் இஞ்சின், மைக்கோ பம்பு. பாஷ் கம்பெனியின் இந்தியக் கிளை 2008 வரை மைக்கோ என்ற பெயரில்தான் இருந்தது, எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் டீசல் பம்புக்கு அதுதான் பெயர். தொப்பூர் மேட்டில் லோடோடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்றால் அப்பா வேறு யாரிடமும் போகமாட்டார், நாமக்கல்லில் இந்த மேஸ்திரி பட்டறைதான். லாரி இஞ்சினில் செயின் கிடையாது, பெல்ட் கிடையாது. கிராங்கிலிருந்து கேமுக்கும் பம்புக்கும் கியர், இரும்போடு இரும்பு. சத்தம் கூட, எடை கூட, ஆனால் பல் தாண்டிக் குதிக்காது. என் நண்பன் ஒருவனின் எஸ்.யூ.வி.யில் டைமிங் பெல்ட் நெடுஞ்சாலையில் அறுந்து, பதினாறு வால்வும் பிஸ்டனில் முட்டி வளைந்ததை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். லாரிக்கு அந்தப் பயம் இல்லை. லாரியில் தப்புவது பெரும்பாலும் பம்பின் டைமிங்தான், டீசல் சிலிண்டருக்குள் பாய்கிற நேரம்.

அதைச் சரிபார்க்கும் நாளில் எனக்கு வேலை உண்டு. பதினோரு வயது இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து, கிராங்கின் பின்முனையில் அதோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பல்லில் கடப்பாரையைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். மேலே மேஸ்திரி பம்பில் முதல் சிலிண்டருக்கு டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சரின் டெலிவரி வால்வைக் கழற்றிவிட்டு, வளைந்த சின்னக் குழாய் ஒன்றை மாட்டியிருப்பார். வாத்துக் கழுத்து மாதிரி இருக்கும். கையால் அடிக்கும் பம்பை கிளீனர் அடிக்க, அந்தக் குழாயிலிருந்து டீசல் நூலாக ஒழுகும். நான் நெம்ப நெம்ப நூல் மெலியும், பிறகு சொட்டாகும், சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி கூடும். ஒரு சொட்டு குழாய் நுனியில் தொங்கிக்கொண்டு விழாமல் நிற்கும். "நிறுத்து!" அந்தக் கணம்தான் பிளஞ்சர் உள்ளே வழியை அடைத்து டீசலைத் தள்ளத் தொடங்கும் கணம். அப்போது ஃப்ளைவீலில் வெட்டியிருக்கும் கோடு முள்ளுக்கு நேராக வந்திருக்க வேண்டும். முன்பின் இருந்தால் பம்பின் போல்ட்டைத் தளர்த்தி, பம்பை நூலளவு திருப்பி, மறுபடி முதலிலிருந்து. ஒரு மில்லிமீட்டர் திருப்பலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நெம்பும்போது தாண்டிவிட்டால் பின்னுக்கு நெம்பி நிறுத்த விடமாட்டார். ரொம்ப தூரம் பின்னுக்கு வந்து, திரும்ப முன்னோக்கியே வரணும், இல்லாவிட்டால் கியர் பல்லுக்கு இடையில் உள்ள ஆட்டம் கணக்கைக் கெடுத்துவிடும்.

நேரம் பிந்தினால் வெள்ளைப் புகை, இழுவை இருக்காது. முந்தினால் கட்டையால் அடிக்கிற மாதிரி சத்தம், பிஸ்டனுக்கு ஆபத்து. இது ரெண்டும் எனக்கு அந்த வயதிலேயே தெரியும். என் வண்டியில் வந்தது வெள்ளைப் புகை. ஆனால் எனக்கு ஞாபகம் வரவில்லை. என்னுடையது மாதிரி எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் டீசல் பாயும் நேரத்தைப் பம்பு முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, அதனால் அந்தப் பழைய பாடம் இங்கே செல்லாது என்று எனக்குள் ஒரு நினைப்பு. கம்ப்யூட்டர் எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்று யோசித்திருந்தால் பாடம் அப்படியே செல்லும் என்பது தெரிந்திருக்கும்.

மூன்று கேள்வி

செப்டம்பரில் ஒரு கல்யாணத்துக்கு நாமக்கல் போனேன். திரும்பும்போது பட்டறைப் பக்கம் வண்டியை விட்டேன். மேஸ்திரிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மகள் வயிற்றுப் பேரன் பட்டறையை எடுத்துக்கொண்டு பாதி லாரி, பாதி கார் என்று நடத்துகிறான், டிப்ளமோ படித்தவன். மேஸ்திரி ஒரு பழைய லாரி டயர்மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்பாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகுதான் வண்டி.

"வெளக்கு எரியுதுன்னு செயின் மாத்துனியா கண்ணு? மாத்துன பொறவு கொறஞ்சுதா, கூடுச்சா?"

இது முதல் கேள்வி. யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. சரியாச்சா, ஆகலையா என்றுதான் கேட்பார்கள். "கூடுச்சுங்க" என்றேன். அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு பேரனைக் கூப்பிட்டார்.

"டேய், கேம் முன்னாடி போகுதா, பின்னாடி நிக்குதா பாரு."

"கோடு அதெல்லாம் சொல்லாதுங்க அப்புச்சி."

"கோடு சொல்லாட்டி நீ பாத்துச் சொல்லு. அதுக்குத்தான அந்தப் பொட்டிய வாங்குனே?"

பெட்டி என்றது ஸ்கோப்பை. லேப்டாப்பில் மாட்டினால் சென்சார் அனுப்பும் மின்சாரத்தை அலையாக வரைந்து காட்டும். பேரன் ரெண்டு சென்சாரின் ஒயரிலும் பின்பக்கமாக ஊசியைச் சொருகினான், ஸ்டார்ட் பண்ணச் சொன்னான், ஒரு நிமிஷம் பதிவு செய்துவிட்டு அணைக்கச் சொன்னான். திரையில் மேலே கிராங்கின் அலை. பல் பல்லாக 58 மேடு, பிறகு ரெண்டு பல் அளவுக்கு வெறும் இடம், மறுபடி 58. அறுபது பல்லில் ரெண்டைப் பிடுங்கியது மாதிரி. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்தப் பொக்கை வாயை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. கீழே கேமின் அலை, அகலமான சில மேடுகள். இதே மாடல் வண்டி ஒன்று முன்பு வேறு வேலைக்கு வந்திருந்தபோது அவன் அலையைப் பதிந்து வைத்திருந்தான். அதைத் திறந்து பக்கத்தில் வைத்தான். எல்லோரும் இப்படிச் சேர்த்து வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அந்த நல்ல வண்டியில் பொக்கைக்குப் பிறகு 18ஆவது பல்லில் கேமின் மேடு இறங்கியது. என் வண்டியில் விரலை வைத்து எண்ணினான். 17. மறுபடி எண்ணினான். 17.

"முன்னாடிங்க அப்புச்சி. ஒரு பல்லு."

"அப்பச் செயின் இல்ல. தேஞ்ச செயின் பின்னாடிதான் நிக்கும். முன்னாடி எங்க ஓடும்?"

எனக்கு உடனே புரியவில்லை. பேரனுக்குப் புரிந்துவிட்டது, அவன் முகத்தில் தெரிந்தது. கேமைக் கிராங்க் இழுக்கிறது. இழுக்கிற கயிறு நீண்டால் இழுபடுவது பிந்தும். கயிறு நீண்டு மாடு முந்திப் போகாது. என் பழைய செயின் தேய்ந்திருந்தது, அதனால் கேம் உண்மையிலேயே கொஞ்சம் பிந்தியிருந்தது. ஆனால் வேறு எங்கேயோ இருந்த ஒரு தப்பு கேமை முந்தியது போலக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை ஒன்று கொஞ்சம் ஈடு கட்டியதால் வித்தியாசம் கம்ப்யூட்டர் பொறுக்கிற எல்லைக்கு அருகிலேயே நின்றது, விளக்கு எப்போதாவது எரிந்தது. புதுச் செயின் போட்டதும் ஈடு கட்ட ஆள் இல்லை. முழு 6 டிகிரியும் வெளியே வந்தது. நான் 38,000 ரூபாய் செலவழித்துத் தப்பைக் கொஞ்சம் தெளிவாக்கியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை அன்றிரவு சேலம் வரும்வரை திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தேன். ஒரு கோளாறு இன்னொரு கோளாறை மூடி வைத்திருக்கும் என்பது கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சரியான வேலை செய்ததால் நிலைமை மோசமானால், செய்தவன் மேல்தான் சந்தேகம் போகும். என் சந்தேகமும் அங்கேதான் போயிருந்தது. ஒரு மாதமாக அந்தத் தம்பியைப் பற்றி ஊரெல்லாம் குறை சொல்லியிருந்தேன்.

மேஸ்திரி அத்தோடு விடவில்லை. திரையில் தெரிவதும் ஒருத்தர் எழுதிய நோட்டுதானே. முதல் சிலிண்டரின் க்ளோ பிளக்கை, குளிர்ந்த இஞ்சினைச் சூடாக்கும் பிளக்கை, கழற்றச் சொல்லி, மெல்லிய பித்தளைக் கம்பியை உள்ளே விட்டுப் பிஸ்டன் தலையில் உட்கார வைத்தார். பேரன் கிராங்கை நிதானமாகச் சுற்றினான், கம்பி மேலே வந்தது. உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும், சரியான உச்சி எது என்று கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் உச்சிக்கு முன்னால் கம்பி ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தபோது கிராங்கின் முன்முனையில் உள்ள புல்லியில் சாக்பீஸ் கோடு ஒன்று. தாண்டிப் போய் அதே உயரத்துக்கு இறங்கியபோது இன்னொன்று. ரெண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு, அதுதான் உச்சி. புல்லியில் கம்பெனி போட்ட அடையாளத்தை அவர் பார்க்கவே இல்லை. நடுவில் ரப்பர் வைத்த புல்லியில் ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் மட்டும் நகர்ந்துவிடும், அடையாளமும் கூடவே போய்விடும் என்பது அவர் லாரியில் பட்ட அனுபவம். உச்சியில் நிறுத்திக் கேமில் பின்னைச் சொருகினார்கள். இறங்கியது. பிஸ்டனும் கேமும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் கிராங்க் நோட்டில்தான் தப்பு. சென்சார் புதுசு. மிச்சம் இருப்பது சென்சார் பார்க்கும் அந்தப் பல்வரிசை.

"பல்வரிசை எங்கடா இருக்குது இதுல?"

"ஃப்ளைவீல் விளிம்புலங்க."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "கடைசியா கியர்பாக்ஸ் எறக்குனது எப்ப கண்ணு?"

ஏழாயிரம் ரூபாய்

ஏப்ரலில். விளக்கு எரிவதற்கு ரெண்டு மாதம் முன்பு. கிளட்ச் வழுக்கியது, வேறொரு இடத்தில் கியர்பாக்ஸை இறக்கினார்கள். கிளட்ச் தட்டு அழுந்தும் ஃப்ளைவீல் முகத்தில் சூட்டில் நீலம் பாரித்து மயிரிழை விரிசல்கள் இருந்தன. புதுசு போடுங்கள் என்று மெக்கானிக் சொன்னார். 22,000 ரூபாய். நான்தான் அலைந்து திரிந்து, பழைய சாமான் கடையில் 7,000 ரூபாய்க்கு ஒன்றைப் பிடித்தேன். ஏமாந்துவிடவில்லை என்ற பெருமையோடு வாங்கினேன். போல்ட் ஓட்டைகள் எட்டும் சரி, ஸ்டார்ட்டர் கடிக்கும் ரிங் கியர் பல்லை ரெண்டு தடவை எண்ணினேன், தராசில் எடை கூடப் போட்டுப் பார்த்தேன். விளிம்பில் வெட்டியிருந்த சின்னச் சின்னப் பள்ளங்களை அழகுக்கு என்று நினைத்தேனோ என்னவோ, அதைப் பார்க்கவே இல்லை. "உங்க பொறுப்பு சார்" என்று சொல்லித்தான் மெக்கானிக் மாட்டினார்.

செயின் போட்ட தம்பியிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கிளட்சுக்கும் டைமிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தது ஒரு காரணம். அவர் கேட்கவில்லை என்பது இன்னொன்று. ஆனால் அவர் ஒரு தடவை கேட்டார். "வேற ஏதாச்சும் வேலை பாத்தீங்களாண்ணா?" என்று பொதுவாக. நான் "கிளட்ச் மாத்துனேன்" என்றேன். ஃப்ளைவீலைச் சொல்லவில்லை. 22,000 ரூபாய்ப் பொருளைப் பழசில் வாங்கிப் போட்டவன் என்று தெரிய வேண்டாம் என்று அந்த நொடியில் நாக்கு தானாக முடிவெடுத்துவிட்டது. நண்பர்கள் சொல்லும் "காதை வெச்சே கண்டுபிடிச்சாரு" கதையை இவ்வளவு நாள் நான் திருத்தாமல் விட்டதற்கும் அதே நாக்குதான் காரணம். அந்தக் கதையில் ஃப்ளைவீல் வருகிறது, அது எப்படி வந்தது என்பது வருவதில்லை.

ரெண்டு நாள் கழித்து கியர்பாக்ஸை இறக்கினார்கள். என் வண்டிக்கு உரிய புது ஃப்ளைவீலைத் தரையில் சாக்கு விரித்து வைத்து, அதன்மேல் என்னுடையதை, பொருத்தும் முளைக்கான டவல் (dowel) ஓட்டை ஓட்டைக்கு நேராக வரும்படி அடுக்கினான் பேரன். போல்ட் ஓட்டை எல்லாம் ஒன்றுக்கு நேர் ஒன்று. ரிங் கியரும் சரி. விளிம்பில் மட்டும், கீழே பொக்கை முடிந்து பல் தொடங்கிய இடத்தில் மேலே இன்னும் பொக்கை இருந்தது. ஒரு பல். சாக்பீஸால் ரெண்டிலும் கோடு இழுத்தான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் அகலமான வித்தியாசம். அதே இஞ்சினின் வேறொரு வகையில் சென்சார் உட்காரும் இடம் கொஞ்சம் தள்ளி இருக்கும், அதற்காக வெட்டியது இது. என் வண்டியில் பொக்கை ஒரு பல் தாமதமாக வந்ததால், பிஸ்டன் இன்னும் 6 டிகிரி கீழே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பியது. நம்பி, டீசலை 6 டிகிரி தாமதமாக விட்டது. வெள்ளைப் புகை, முனகல், எதிர்வீட்டு அம்மாவின் துணி எல்லாம் அங்கிருந்துதான். கடப்பாரையால் நெம்பிய காலத்தில் இதைக் குழாய் நுனிச் சொட்டில் பார்த்திருப்போம்.

புது ஃப்ளைவீல் போட்டு அலையைப் பார்த்தபோது 18. ஏற்காட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. விளக்கு இதுவரை வரவில்லை.

செயின் போட்ட தம்பியிடம் போனேன். இந்தத் தடவை எதுவும் வாங்கிக்கொண்டு போகவில்லை, போய் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஃப்ளைவீலா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் என் பழைய செயினைத் தேடி எடுத்து வந்தார். எறியாமல் வைத்திருந்தார். ஒரு புதுச் செயினையும் எடுத்து, ரெண்டையும் மடித்து ஒரே ஆணியில் மாட்டித் தொங்கவிட்டார். என்னுடையது ரெண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் கீழே இறங்கி நின்றது. "எப்படியும் மாத்த வேண்டியதுதாண்ணா" என்றார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா தெரியவில்லை. ஸ்கோப் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பேரனின் நம்பரைக் கொடுத்தேன்.

பழைய ஃப்ளைவீல் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. மேஸ்திரி அதை எடைக்குப் போட விடவில்லை. "நல்ல பொருளு கண்ணு. உன் வண்டியோடது இல்ல, அவ்வளவுதான்." போன வாரம் ஒருத்தர் விலைக்குக் கேட்டு வந்தார், என் வண்டி மாடலேதான் வைத்திருக்கிறார், கிளட்ச் வேலை நடக்கிறதாம். போல்ட் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்ச் சாக்பீஸ் எடுத்து வந்தேன்.